ஊரடங்கில் ஓடிய காசிம் நானாவின் பஸ்

முந்தாநாள் காலை நுவரெலியா பஸ் நிலையத்தில் வண்டியில் ஏறப்போன என்னை டைம்கீப்பர் கையைப் பிடித்து நிறுத்தினார். "காசிம் நானா போயிட்டாருப்பா" என்றார். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். சாரதி ஆசனத்தில் வேறொருவர் இருந்தார். நானாவுக்கு இன்று லீவு போலும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எல்லாருக்கும் அண்ணன் முறையான நானா, உடப்புசல்லாவைப் பாதையில் பஸ் ஓட்டினார். நான் அவருக்குக் கண்டக்டர். பனி மூடிய நாட்களில், தோட்டச் சந்தியில் யாரும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வண்டியை நிறுத்தி, "யாராச்சும் நிக்கிறீங்களா?" என்று குரல் கொடுப்பார். ஏன் இந்தத் தாமதம் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "கைகாட்டக் கூச்சப்பட்டு ஓரமா நிப்பாங்க தம்பி" என்றார்.

ஐம்பத்தெட்டில் இனக்கலவரம் மூண்டு ஊரடங்கு வந்தது. தோட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு கொழுந்து பறிக்க மலைக்குப் போவது ஒரு நடைதான்; காலையில் ஆள் எடுக்கும் பெரட்டு நின்றுபோகவில்லை. லயத்து வீடுகளிலிருந்து டவுன் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் தினமும் வேலைக்கு வந்து போனவர்கள்தான் தவித்துப்போனார்கள். பகலில் சற்று நேரம் தளர்த்தும்போது மட்டும் பஸ் ஓடும்.

அப்படி ஒரு நாள், தளர்த்திய நேரத்தைத் திடீரெனக் குறைத்துவிட்டார்கள். நிலையத்தில் சனம் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிவந்த பாக்கியம் என்ற கொழுந்துக்காரப் பெண் படியில் உட்கார்ந்து அழுதார்.

"போறதுன்னா போகலாம். திரும்பி வர முடியாது" என்றார் டைம்கீப்பர்.

நானாவின் மனைவி நானுஓயாவில் நிறைமாதமாக இருந்தார். "நானா, வீட்டுல அக்கா..." என்று இழுத்தேன். அவர் முன்கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

"அவளுக்குப் பக்கத்து வீட்டுல ஆளிருக்கு தம்பி. இந்தப் புள்ளைக்கு இங்க யாரு இருக்கா? ஏறச் சொல்லு."

வழியில் பொலிஸார் மறித்தார்கள். நானா இறங்கிச் சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். சார்ஜன்ட் உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, போன வண்டி போன இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லித் தடையை விலக்கினார்.

ஒவ்வொருவரையும் அவரவர் தோட்டத்தில் இறக்கினோம். கடைசியாகப் பாக்கியத்தின் தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரி முன்னால் வண்டி நின்றது. லயத்தில் அவர்களுக்கு இருந்தது ஒரே அறை, ஒரு காம்பரா. அதை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு அவர்கள் பக்கத்துக் காம்பராவில் ஒண்டிக்கொண்டார்கள். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் தவறாமல் வந்தன. "நல்லா சாப்பிடுங்க நானா" என்று பாக்கியத்தின் கணவர் வாசலிலேயே நிற்பார். நானா சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

ஆனால் ஒரு நாள், ஓடாத பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் தனியே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். கண்கள் கலங்கியிருந்தன. "நா செஞ்சது சரியா தம்பி?" என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

சில நாட்கள் கழித்து வழி திறந்ததும் வண்டியை நிலையத்தில் விட்டுவிட்டு நானுஓயாவுக்கு ஓடினோம். வாசலில் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, துணியில் பொதிந்த பெண் குழந்தையை ஏந்தி நின்றார். பிரசவம் பார்த்தவர் அவர்தான். ஏசிக்கொண்டே குழந்தையை நானாவின் கையில் கொடுத்தார்.

உள்ளே அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நடந்ததை டைம்கீப்பர் சொல்லியனுப்பியிருந்தார். நானா குழந்தையோடு அருகே போனார். அக்காதான் முதலில் கேட்டார்:

"அந்தப் புள்ளைக்குக் காச்சல் விட்டுச்சா?"

நானா அந்த இடத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

அதன் பின்னும் பல ஆண்டுகள் ஓட்டினார். அந்த நாட்களைப் பற்றி யாராவது புகழ்ந்து பேசினால், "புள்ளயப் பெத்தது அவ. நா சும்மா ரொட்டி தின்னுட்டு இருந்தேன்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

முந்தாநாள் மாலையே நல்லடக்கம் நடந்தது. நேற்று அதே பாதையில் போனேன். ஏறியவர்கள் எல்லாரும் முதலில் முன் ஆசனத்தைத்தான் பார்த்தார்கள். "நானா வரலீங்களா?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு சந்தியிலும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாக்கியம் செய்தியைக் கேட்டதும் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். வண்டி நின்றது. வேலைக்கு நேரமாகிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நாங்கள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம் நானா. நீங்கள் இனி ஆறுதலாக இளைப்பாறுங்கள்.