மச்சுனு வீட்டுப் பெண்

பின்னல் போடுகிறவளின் கண் வாடிக்கைக்காரியின் தலையில் இருக்க வேண்டும். ஜபூவின் கண் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. ஜோஹன்னஸ்பர்க்கின் கறுப்பர் குடியிருப்பான மசகானே டவுன்ஷிப்பின் டாக்ஸி நிறுத்தத்துக்குப் பக்கத்தில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் ஒரு கண்ணாடியையும் போட்டு ஆறு வருடமாகத் தலை பின்னிவந்தாள். கை தன்பாட்டுக்குப் பின்னும், கண் தெருவை மேயும். யார் வருகிறான், எதற்கு நிற்கிறான், இந்தப் பக்கம் ஏன் பார்க்கிறான் என்று ஒவ்வொருவனையும் எடைபோட்டு அனுப்பிய பிறகுதான் அடுத்த முடியை எடுப்பாள்.

சந்தேகப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் பெயர் ஜபூ இல்லை, அவள் ஜூலுப் பெண்ணும் இல்லை. வடக்கே மலாமுலேலேயில் பிறந்த சொங்கா இனத்துக்காரி. சகானி மபுண்டா என்பதுதான் பெற்றவர்கள் வைத்த பெயர். தென்னாப்பிரிக்கப் பிரஜைதான், அடையாள அட்டையும் வைத்திருந்தாள். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் மொசாம்பிக்கிலும் அதே மொழியைப் பேசுகிறார்களே, அது போதாதா? ஜோஹன்னஸ்பர்க் வந்த புதிதில் ஒருநாள் போலீஸ் வேன் அவளை அள்ளிக்கொண்டு போனது. அட்டையை நீட்டினாள். இவ்வளவு கறுப்பாக இருக்கிறாயே, அட்டை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். ஒரு பகல் முழுக்க வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள். இறங்கியவள் அன்றோடு சகானியை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஜபூ மச்சுனு ஆனாள்.

பொய்ப்பெயர் சொல்வது பெரிய காரியமில்லை, அதற்கேற்ப வாழ்வதுதான் பாடு. ஜூலுக்காரர்களிடம் வீட்டுப்பெயரைச் சொன்னால், அந்த வீட்டின் புகழ்ப்பெயரால்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மச்சுனு வீட்டாருக்குப் பகாடே. சகானி அந்தப் புகழ்ப்பெயர் வரிசை முழுவதையும் ஒரு கல்யாண வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் ஒப்பிப்பது வேறு, கூப்பிட்டதும் திரும்புவது வேறு. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் கல்லூரிக்காரப் பையன் பெகி பின்னாலிருந்து "பகாடே" என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டான். சொந்த வீட்டுப் புகழ்ப்பெயர் காதில் விழுந்தும் திரும்பாத ஜூலுக்காரி உலகத்தில் உண்டா? மூன்றாவது தடவை அவன் "ஜபூ அக்கா" என்று மாற்றிக் கூப்பிட்டான்.  பையன் கண்டுபிடித்துவிட்டான், எப்போது விலை பேசுவானோ என்று அன்றிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் ஸோண்டி கிளம்பினான். அந்நியர்கள் வெளியேற வேண்டும் என்று தெருத்தெருவாக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவன் அவன். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொரு கடையாக வருவோம், எந்த வீடு என்று கேட்போம், சொல்லத் தெரியாதவன் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அறிவித்துவிட்டான். அவன் மனைவி மாகோசா, அதாவது கோசா வீட்டுப் பெண், மாதம் தவறாமல் சகானியிடம் தலை பின்ன வருகிறவள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மலாவிக்காரன் தைத்துக் கிழித்தது போதும், ஜிம்பாப்வேக்காரிகள் நம் ஆண்களைப் பிடித்தது போதும் என்று புருஷனைவிட உரக்கப் பேசுவாள். சகானி "ஆமாக்கா, ஆமாக்கா" என்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் பிறகு அவளுக்கே குமட்டும்.

புதன்கிழமை பெகியும், மலாவித் தையல்காரி சிகோன்டியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். நோட்டைப் பார்த்ததுமே, பெயர்ப் பட்டியல் என்று சகானி முடிவுகட்டினாள். இளவட்டங்களாகச் சேர்ந்து ஒரு முடிவெடுத்திருக்கிறோம் என்றான் பெகி. சனிக்கிழமை எவரும் கடைக்குள் தனியாக மாட்டக்கூடாது. எல்லோரும் நடுத்தெருவில் கைகோத்து நிற்பது. கேட்டால் அவரவர் சொந்தப் பெயரை, சொந்த வீட்டை, சொந்த மொழியில் தலைநிமிர்ந்து சொல்வது. இந்த ஊர்க்காரனும் அப்படியே, வந்தவனும் அப்படியே.

நல்ல ஏற்பாடுதான், ஸோண்டிக்கு. அவன் அலைந்து எடுக்க வேண்டிய பட்டியலை இவர்களே எழுதி, ஆட்களையும் வரிசையில் நிறுத்திக் கொடுக்கப்போகிறார்கள். இந்தப் பையனை யார் ஏவிவிட்டது? சிகோன்டி பாவம், அவளுக்குச் சூது தெரியாது. சகானி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"எதுக்குடா தம்பி என்கிட்ட வந்த? நான்தான் மச்சுனு வீட்டுப் பொண்ணாச்சே."

"தெரியும்க்கா," என்றான் பெகி. "வந்து நின்னா நல்லாருக்கும். வராட்டியும் சரி." நோட்டைத் திறக்காமலே போனான். திறக்காமல் போனதும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை, பத்து மணி வெயிலில், அறுபது பேர் போலத் தெருவில் நின்றார்கள். சகானி வரிசையில் நிற்கவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே சீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸோண்டி பன்னிரண்டு பேரோடு தடிகளுடன் வந்தான். முதலில் சிகோன்டியிடம் கேட்டான்.  அவள் தன் தகப்பன் பெயர், ஊர், குலம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். வெளியே வா என்றான் ஸோண்டி. பக்கத்திலிருந்த பெகி அவள் கையை விடாமல் தன் வீட்டு வரிசையைச் சொல்ல ஆரம்பித்தான். அவன் முடிக்குமுன் அடுத்தவன் காங்கோ மொழியில் ஆரம்பித்தான். அதற்கடுத்தவன் சோத்தோவில். ஒரே இரைச்சல். யாரைப் பிரித்து இழுப்பது என்று தெரியாமல் தடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஸோண்டிக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. திரும்பிப் பார்த்தான்.

"பகாடே, நீ இங்க வாம்மா. நம்ம பொண்ணு நீ. இதுல யாரு யாருன்னு உனக்குத் தெரியும். காட்டு."

தெரு அவளைப் பார்த்தது. தலையாட்டினால் போதும், ஆறு வருடத்தைப் போல இன்னும் அறுபது வருடம் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கலாம். அவள் பெகியைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லத்தான் செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு மாதமாகத் தெரிந்திருந்தும் ஒரு ஈ காக்கையிடம்கூட அவன் மூச்சுவிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"நான் பகாடே இல்ல," என்றாள். "சகானி. மபுண்டா வீடு. மலாமுலேலே." சீப்பை வைத்துவிட்டுப் போய்ச் சிகோன்டியின் அந்தப் பக்கக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸோண்டியின் முகம் தொங்கிப்போயிற்று. "ஆறு வருஷம் என் பொண்டாட்டி தலை உன் கையில இருந்துச்சு," என்றான்.  அவன் சொன்னது நியாயமான வருத்தம்தானே. கோத்த கைகளைப் பிரிக்க முடியாமல் ஆட்களைத் திருப்பிக்கொண்டு போகிறபோது தார்ப்பாயின் கழியை உதைத்துச் சாய்த்துவிட்டுப் போனான். திரும்பி வருவோம் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

திங்கட்கிழமை யாரும் தலை பின்ன வரவில்லை. செவ்வாய்க்கிழமை மாகோசா வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாள். புருஷன் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறான் என்று சகானி தீர்மானித்துக்கொண்டாள். ஆனாலும் வகிடெடுத்தாள். பாதித் தலை முடிந்திருந்தது.

"என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்போ பரிசத்துக்கு எத்தனை மாடுன்னு பேச வந்தாரே என் மாமா," என்றாள் மாகோசா, கண்ணாடியைப் பார்த்தபடி. "கூலிக்கு வந்த ஆளு. எனக்கு மாமாவும் இல்ல, கோசா வீடும் இல்ல. எனக்கு ஜிம்பாப்வே. பிளம்ட்ரீ பக்கம்."

சகானியின் விரல் நின்றது. தெருவிலேயே உரக்கப் பேசியவள் இவள்தானே.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா சனிக்கிழமை நானும் அந்த வரிசையிலதான் நின்னிருப்பேன்."

இது பொறியா, உண்மையா? சகானி கண்ணாடியில் அவள் கண்களைத் தேடினாள். அந்தக் கண்கள் தலையில் இல்லை, கண்ணாடியிலும் இல்லை. தெருவை மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பார்வை சகானிக்கு நன்றாகத் தெரியும்.

"என் பேரு என்னன்னு கேக்க மாட்டியா?" என்றாள் மாகோசா. "பதினோரு வருஷமா யாரும் கேட்டதில்ல."

சகானி கேட்டாள். மாகோசா வாயைத் திறந்தாள். ஸோண்டியின் ஆட்களில் ஒருவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டு டாக்ஸி நிறுத்தத்தைக் கடந்து போனான். போகிறபோது மாகோசாவுக்கு ஒரு வணக்கமும் வைத்தான். அவள் சிரித்துக் கையசைத்தாள். அவன் தெருமுனை திரும்பிய பிறகும் பெயரைச் சொல்லவில்லை.

"இறுக்கிப் பின்னுடி," என்றாள்.