இரண்டாம் பாகம் ரிப்பேர்

என் மகள் இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு உதிரி பாகம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கை கால் கழுவுகிறாளோ இல்லையோ, போனை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவாள். அதில் அவள் ஆடும் ஆட்டத்தில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஒரு பெண். கொண்டையை உச்சந்தலையில் இறுக்கிக் கட்டி, முழங்கால் வரை பூட்ஸ் போட்டவள். அந்தப் பெண் கூரையிலிருந்து தவறி விழுந்தால் என் மகள், "ஐயோ, செத்துட்டேம்மா!" என்று கத்துவாள்.

"வாயைக் கழுவுடி" என்று திட்டுவேன். திட்டிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். 'செத்துட்டா' என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. தானும் அந்தப் பெண்ணும் ஒன்று என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. எனக்குப் பொறாமைதான், வேறென்ன. பெற்ற மகள் மேல் பொறாமைப்படலாமா என்று யாராவது கேட்டால், படலாம் என்பேன்.

1991இல் நான் பிளஸ் டூ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் வீட்டோடு கிடந்தேன். இருந்தேன் என்று எழுத வரவில்லை, கிடந்தேன்தான். எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல். முன்னறை, நடுவறை, அடுக்களை, அதற்குப் பின்னால் துணி துவைக்கிற கல். கல்லுக்குப் பின்னால் உர குடோனின் உயரமான சுவர். யூரியா நெடியோடுதான் குளிப்போம். அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் பெங்களூர் ரோட்டில்தான் இருப்பார். அவர் இல்லாத நாட்களில் வீட்டுக்கு முதலாளி என் அண்ணன்.

அந்த முதலாளி என்ன செய்தான் என்றால், பாரிமுனைக்குப் போய் ஒரு டி.வி. கேம் வாங்கிவந்து முன்னறையில் போட்டான். இரண்டு பெஞ்சு, ஒரு டி.வி., அதன் கீழே சிலேட்டு அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அரைமணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகை. ஊரில் இருந்த அத்தனை பையன்களும் வந்து அடைந்துகொண்டார்கள். பள்ளி விட்டதும் வந்தால் விளக்கு வைத்த பிறகுதான் கலைவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் முழு நாளும். எனக்காக முன்னறைக்கும் நடுவறைக்கும் இடையில் பச்சைத் துணியில் ஒரு திரை கட்டினார்கள். வாசலுக்குப் போக வேண்டுமானால் அந்தப் பையன்களைத் தாண்டித்தான் போக வேண்டும், வயசுப் பெண் அப்படிப் போகக் கூடாது. ஆக, அவன் கடை திறந்ததும் என் கதவு மூடியது. அண்ணனிடம் கேட்டேன்.

"இப்ப எங்க போவணும் உனக்கு?" என்றான்.

போக ஓர் இடம் இருந்தால்தானே சொல்வதற்கு!

பையன்கள் உயிரை விட்டு ஆடியது ஒரே ஆட்டம். ஏழு மாடிக் கோட்டை ஒன்று. கீழ்வாசலில் நீலச் சட்டை போட்ட வீரன். உச்சி மாடியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் மஞ்சள் பாவாடை கட்டிய பெண். அவள் கையை மேலே தூக்குவாள், இறக்குவாள். அவள் வேலை அவ்வளவுதான். வீரன் ஏணி ஏறி, நெருப்பைத் தாண்டி, பூதங்களை அடித்து மேலே போக வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்பேன்.

"நான் அஞ்சாவது மாடி வந்துட்டேன்டா!"

"டேய், நெருப்பு! செத்த போ."

"மேல அது இன்னாடா பண்ணுது?"

"அது ஒண்ணியும் பண்ணாதுடா. கூண்டுலயே கீது. நாமதான் போயி தூக்கியாரணும்."

எங்கள் பக்கத்துப் பேச்சில் பெண்பிள்ளை என்றால் 'அது'தான். பொண்ணு நல்லா படிக்குது, பொண்ணு சமைக்குது, பொண்ணு வளந்துடுச்சு. பிரியமாகச் சொல்வதும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து கேட்டு எனக்கு உறைத்ததே இல்லை. உறைத்தது ஒரு நாள். வாலாஜாபாத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது, மாப்பிள்ளைக்கு அரிசி மண்டி. மாப்பிள்ளையின் அம்மா முதல் தடவை வந்து அடுக்களையில் உட்கார்ந்து, பொண்ணு எப்படி என்று விசாரித்தார். "அது எங்கயும் போவாதுங்க. வூட்டுலயேதான் கீது" என்றாள் என் அம்மா, பெருமையாக. அதே நேரம் முன்னறையில் ஒருவன், "அது எங்கயும் போவாதுடா, நீ பொறுமையா ஏறு" என்று கத்திக்கொண்டிருந்தான். கையிலிருந்த முறத்தை வீசி எறியலாம் போல இருந்தது.

எனக்குக் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் சேர வேண்டும். கணக்கு எடுக்க வேண்டும். மார்க்கும் இருந்தது. அழுது, சாப்பிடாமல் இருந்து, பேசாமல் இருந்து, எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அம்மா சலித்துப்போய்ச் சொன்னாள்.

"இந்த எடம் தட்டிப்போச்சுன்னா நீ காலேஜுக்குப் போடி. உங்கப்பாகிட்ட நான் பேசறேன். ஆனா அவங்க சரின்னுட்டாங்கன்னா வாயைத் தொறக்கக் கூடாது."

அம்மா வாக்குக் கொடுத்தால் மாறமாட்டாள். சரி என்று நானும் வாக்குக் கொடுத்தேன். இந்த இடம் தட்டிப்போக வேண்டும், அதுவும் அவர்களாகவே வேண்டாம் என்று எழுந்துபோக வேண்டும். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கும்போது டி.வி.யில் 1P, 2P என்று இரண்டு வரி வரும். 1P என்றால் முதல் பாகம், 2P என்றால் இரண்டாம் பாகம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். இரண்டாவதை அமுக்கினால் வீரனே வரமாட்டான். கூண்டும் பெண்ணும் மட்டும் வந்து நிற்கும். பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் எதுவும் அசையாது. அண்ணன் சுவரில் கரியால் எழுதிவிட்டான்: 'இரண்டாம் பாகம் ரிப்பேர், அமுக்காதே.' பெட்டியோடு ஒயர் வைத்த இரண்டு ரிமோட் வந்திருந்தன. ஒன்றை மாட்டிவிட்டு மற்றதை பிளாஸ்டிக் உறையோடு பரண் பலகையில் வைத்துவிட்டான். ஏனென்று கேட்டதற்கு, "அது ஸ்டெப்னி" என்றான். லாரிக்காரன் மகன் இல்லையா! கூட ஒன்று கொடுத்திருந்தால் அது மாற்று டயர் என்பதைத் தவிர வேறெதுவும் அவன் மூளைக்கு எட்டாது.

பையன்கள் பள்ளியில் இருக்கும் முற்பகலில் முன்னறை காலியாக இருக்கும். ஒரு நாள் அண்ணன் டீக்கடைக்குப் போயிருந்தான். நான் பெருக்க வந்தேன். பெட்டியில் இரண்டு துளைகள் இருப்பது கண்ணில் பட்டது. ஸ்டெப்னிக்கு எதற்குத் துளை? லாரியில் ஸ்டெப்னி உருளுமா? துடைப்பத்தைப் போட்டுவிட்டு, உறையைப் பிரித்து, இரண்டாவது துளையில் செருகினேன். 2P அமுக்கினேன். கூண்டு வந்தது. ரிமோட்டில் பொத்தானைத் தட்டினேன்.

கூண்டின் கதவு விழுந்தது. மஞ்சள் பாவாடை ஒரு எட்டு வெளியே வைத்தது.

"வெளிய வந்துட்டேன்!" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"இன்னாடி?" என்று அடுக்களையிலிருந்து அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

2P என்றால் இரண்டாம் பாகம் இல்லை, இரண்டாவதாக ஆடும் ஆள், அந்த ஆள் இவள்தான். அவளுக்குக் கத்தி கிடையாது, அடிக்கத் தெரியாது. ஆனால் வீரனை விட உயரமாகத் தாண்டினாள். ஏணியைப் பிடுங்கித் தன் பின்னால் போட்டுக்கொள்வாள், பூதங்கள் தொடர முடியாமல் விழிக்கும். மேலிருந்து கீழே ஏழு மாடி, கீழ்வாசல், அதற்கு அப்பால் வெளி. அவளைத் தூக்கிவர எவனும் வர வேண்டியிருக்கவில்லை. அத்தனை பையன்களும் அடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருக்க, அவள் இத்தனை நாளும் ஒரு ஒயருக்காக அங்கே காத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டத்துக்கா அழுவார்கள் என்று கேட்காதீர்கள், அழுதேன்.

அதற்குப் பிறகு அண்ணன் டீக்கடைக்குப் போகிற முற்பகல் எல்லாம் எனக்கு. ஆடி முடித்து ரிமோட்டை உறையில் போட்டுப் பலகையில் வைத்துவிடுவேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாவது மாடி வரை இறங்கினேன், பிறகு இரண்டாவது வரை. கீழ்வாசலை மட்டும் எட்ட முடியவில்லை. அதற்கு அப்பால் என்ன இருக்கும் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். கடலாக இருக்கும் என்று ஒரு நாள், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டாக இருக்கும் என்று ஒரு நாள். சிரிப்பாக இருக்கும்.

வாலாஜாபாத்துக்காரர்கள் மாப்பிள்ளையோடு வந்தார்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே பூ வைத்துவிடுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் எங்கள் ஊரில் முடிந்தது கதை, அதற்கப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. அண்ணன் பையன்களை விரட்டிவிட்டு பெஞ்சுக்குப் போர்வை விரித்திருந்தான். மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று டி.வி. கேமைப் போட்டுக் கொடுத்தான். நான் பட்டுப்புடவையில் திரைக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்றேன்.

மாப்பிள்ளை சரியான மொக்கை. இரண்டாவது மாடியிலேயே நெருப்பில் விழுந்தார். பிறகு 2P அமுக்கினார்.

"அது ரிப்பேருங்க மாப்ள" என்றான் அண்ணன். "ரெண்டாம் பாகம் ஓடாது."

என்னமோ ஆகிவிட்டது எனக்கு. கோபமா, கணக்கா, இரண்டும் சேர்ந்தா, இப்போது பிரித்துச் சொல்ல வராது. திரையைத் தள்ளிக்கொண்டு போனேன். காபித் தட்டைத் தரையில் வைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறி, பலகையிலிருந்து ரிமோட்டை எடுத்தேன்.

"ரிப்பேர் இல்ல" என்றேன். "மாட்டத் தெரியல."

செருகிவிட்டு மாப்பிள்ளையின் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மா, "அடியே!" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள் என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டே கூண்டைத் திறந்தேன்.

அன்றைக்குப் போல நான் என்றைக்கும் ஆடியதில்லை. ஆறாவது மாடி, ஐந்து, நான்கு. ஏணியைப் பிடுங்கினேன். பூதம் விழித்தது. பக்கத்தில் மாப்பிள்ளை பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். "பாத்து, பாத்து, நெருப்பு... தாண்டிட்டா! யப்பா, தாண்டிட்டா!" என்று தொடையில் தட்டினார்.

தாண்டிட்டா. தாண்டிடுச்சு இல்லை, தாண்டிட்டா. அந்த முன்னறையில் அவளை அப்படிச் சொன்ன முதல் வாய் அதுதான். என்னை மறந்து அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் அம்மாவிடம் திரும்பி, சிரித்த முகமாகச் சொன்னார்.

"எனக்குப் புடிச்சிருக்கும்மா. சூப்பரா ஆடுது. நம்ம வூட்டுலயும் ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம். எங்கயும் போவாம அதுக்கும் பொழுது போவும்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அண்ணன் சிரித்தான், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் இன்னா, பூவைக் கொண்டாங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நான் அப்போது முதல் மாடியில் இருந்தேன். கீழ்வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. யாரோ என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டார்கள். என் முகத்தைக் கிழக்கே திருப்பினார்கள். தலையில் பூ ஏறியது. பின்னால் டி.வி.யில் அவள் விழுந்து சாகும் சத்தம் கேட்டது.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னபடி வாலாஜாபாத் வீட்டில் ஒரு டி.வி. கேம் வாங்கியும் போட்டார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி நானும் வாயைத் திறக்கவில்லை.

பூ வைத்த மறுநாள் சாயங்காலம் பையன்கள் வந்தார்கள். சுவரில் இருந்த கரி எழுத்தை அண்ணன் அழித்துவிட்டிருந்தான். இரண்டாம் பாகம் ஓடுகிறது என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. யார் முதலில் ஆடுவது என்று அடிதடி. நான் நடுவறையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். தலையில் நேற்றைய பூ வாடித் தொங்கியது.

"நாலாவது மாடி வந்துட்டேன்டா!" "ஏணியைப் புடுங்குடா!" "கீழ்வாசல்டா, விடாத!"

பிறகு கூரை பிளக்கிற மாதிரி ஒரு கத்தல்.

"வெளிய வந்துட்டேன்டா!"

முறம் கவிழ, எழுந்து திரைக்கு ஓடினேன். அங்கே என்ன இருக்கிறது, அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும். துணியில் கை வைத்தபோது வாசலில் தெருக்கார அம்மா ஒருவர் வந்து, "கல்யாணப் பொண்ணு எங்க, ஆளையே காணோம்?" என்று கேட்டார்.

என் அம்மா முன்னறையிலிருந்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், திரையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அது எங்க போவும்?" என்றாள். "உள்ளதான் கீது."