பரிசல் சாயவில்லை

இது நடந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் இதைச் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பதில்தான் சந்தேகம்.

யூனிஸ் டீச்சர் ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னார், ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் வீட்டு முன்னறையில். நடுநடுவே நிறுத்திவிடுவார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் பேச்சே இருக்காது. நானும் தூண்டிக் கேட்கிற ஆள் இல்லை. அந்த மௌனங்களில் என் மனம் தானாக எதையாவது சேர்த்துக்கொண்டதோ என்னவோ... ஆனால் நேரங்கள் மட்டும் சரி. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டவை அவை.

ஏரியின் பெயரை எழுதப் போவதில்லை. பெங்களூரில் அப்போது ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. இந்த ஏரியின் நடுவில் ஒரு சின்னத் தீவு. தீவில் முந்நூறு வருஷத்துக் கல்மண்டபம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று ஒரு நீலப் பலகை. அந்தத் தீவில் நாற்பது அறை ஹோட்டலும் நடன அரங்கும் கட்டி, கரையிலிருந்து கார் போக ரோடும் போட ஒரு கம்பெனி கிளம்பியது. வெளிநாட்டுப் பயணிகள் வந்து குவிவார்கள் என்றார்கள்.

எதிர்த்து மனு போட்டவர்கள் அறுபத்து மூன்று பேர். கம்பெனி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை தருவதாகச் சொன்னது. ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் மிஞ்சியவர் யூனிஸ் டீச்சர் ஒருவர்.

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அறுபது வருஷம் முன்பு, பிளேக் வந்தபோது, நோய் கண்டவர்களைப் பரிசலில் ஏற்றிக் கொண்டுபோய் அந்த மண்டபத்தில்தான் அடைத்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை. சுண்ணாம்பு கொட்டி அங்கேயே புதைத்தார்கள். தினம் மாலை மண்டபத்தின் உள்ளறைக் கதவை வெளியே தாழ் போட்டு வந்த இருபது வயது கம்பவுண்டர்தான் டீச்சரின் அப்பா. சாகிற சமயத்தில் இதை மகளிடம் சொன்னார். “அந்த எடத்தை யாரும் தொடாம பாத்துக்கம்மா” என்றார்.

அப்பா தாழ் போட்ட கதையை டீச்சர் ஒருவரிடமும் சொல்லவில்லை; ஆட்களை அடைத்துப் புதைத்த இடம் என்று மட்டும் மனுவில் எழுதினார். இரண்டு வருஷம் தனியாகப் போராடினார்.

1958, அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. அதிகாரி தீவை நேரில் பார்வையிடும் நாள். பார்த்துவிட்டு அன்றே கரையில் வைத்து டீச்சர் தன் ஆட்சேபனையை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மனு தள்ளுபடி. தீவு கம்பெனிக்கு.

மாலை 4.10. பரிசலில் நாலு பேர். அதிகாரி வெங்கடகிருஷ்ணன். அவருடைய குமாஸ்தா அப்பாதுரை. கம்பெனி மேனேஜர் நோயல். டீச்சர். துடுப்புப் போடுபவர் ஸ்ரீராம்புரம் கோவிந்தப்பா.

“நாலு பேரும் நாலு மூலையில உக்காருங்க சார்.”

“வட்டத்துக்கு ஏதுப்பா மூலை?” என்றார் நோயல்.

“சிரிங்க சார், சிரிங்க. ஒருத்தர் கொறைஞ்சாலும் இது சாயும், சுத்தும். அப்புறம் நடு ஏரியில நீங்களே மூலையைத் தேடுவீங்க.”

நோயலும் டீச்சரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதனால் கேலியில் குறை வைக்கமாட்டார். “அறுபத்து ரெண்டு பேர் எங்க பக்கம் வந்தாச்சு டீச்சர். மிச்சம் நீங்களும் தவளைங்களும்தான்.”

“தவளை கையெழுத்துப் போடாது நோயல். அதான் நான் போடறேன்.”

“செத்தவங்களும் போடமாட்டாங்க.”

“அவங்களுக்காகவும்தான்.”

தீவில் இறங்கினார்கள். அதிகாரி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர். “இங்க ஆளை அடைச்சு வெச்சிருந்தாங்கறதுக்கு ஏதாவது அடையாளம் இருக்கா மேடம்? இருந்தா எழுதிக்கறேன். வெறும் வாய்வார்த்தையை நான் என்னன்னு எழுதறது?”

“உள்ளறைச் சுவத்துல கோடு இருக்கு சார். நாள் எண்ணிக் கிழிச்ச கோடு. காகிதம் வெச்சுப் பென்சில்ல தேய்ச்சுக் கொண்டாரேன். ரெண்டே நிமிஷம்.”

4.38. டீச்சர் உள்ளே போனார். பத்தடிக்குப் பத்தடி அறை. ஜன்னல் இல்லை. இரும்புத் தகடு அடித்த மரக்கதவு, துருவேறிய கீலில் திறந்தபடி நின்றது. கதவில் முகத்தின் உயரத்துக்கு ஒரு ஓட்டை, கை நுழையும் அளவு. அந்நாளில் சாப்பாடு கொடுக்க வைத்தது. டீச்சரின் செருப்புச் சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. தொண்டையைச் செருமினார். அறையும் செருமியது. காலி அறை அப்படித்தான் இருக்கும்.

சுவரில் காகிதத்தை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கோடு, கோடு, கோடு...

4.41. மழை. தூறல் இல்லாமல் ஒரேயடியாகக் கொட்டியது.

“பேகா வாங்க! பேகா, பேகா!” சீக்கிரம் வரச் சொல்லி விரட்டும் கோவிந்தப்பாவின் குரல். ஓடுகிற காலடிகள்.

டீச்சர் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். திரும்பினார்.

கதவு மூடியிருந்தது.

காற்றாக இருக்கும் என்று தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். வெளியே தாழ் விழுந்திருந்தது. கதவு மூடிய சத்தமும் கேட்கவில்லை, தாழ் விழுந்த சத்தமும் கேட்கவில்லை.

ஓட்டை வழியே பார்த்தார். படி தெரிந்தது. தண்ணீர் தெரிந்தது. பரிசல் கிளம்பிவிட்டது. எல்லோரும் ஒரே தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். கறுப்பாக ஒரு குவியல். அவ்வளவுதான் தெரிந்தது.

“சார்! நோயல்! நான் இங்க இருக்கேன்!”

மழை அந்தக் குரலை விழுங்கியது. ஓட்டைக்குள் கையை விட்டுத் தாழைத் துழாவினார். விரல் எட்டவில்லை. கையை வீசிக் காட்டினார். ஒருவரும் திரும்பவில்லை. கோவிந்தப்பா முன்பக்கம் பார்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பரிசல் நேராகப் போனது.

4.55. கரைக்குப் போனதும் எண்ணிப் பார்ப்பார்கள். திரும்பி வருவார்கள். கையெழுத்துப் போட நான் வேண்டுமே. டீச்சர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

5.20. வரவில்லை.

5.45. மழை விட்டது. ஏரி அசையாமல் கிடந்தது. கரையில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜீப் போய்விட்டது. இரண்டு வருஷப் போராட்டமும் அதோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அழுகை வந்தது. அப்பா நினைவுக்கு வந்தார்.

“கடவுளே...” என்றார் வாய்விட்டு.

அப்போதுதான் முதல் விஷயம் உறைத்தது.

குரல் திரும்பவில்லை.

மறுபடி சொன்னார். செருப்பால் தரையைத் தட்டினார். சத்தம் அங்கேயே அமுங்கியது. சுவரே இல்லாத மாதிரி. இல்லை... ஆட்கள் நிறைந்த அறையில் பேசினால் அப்படித்தான் அமுங்கும். இருபது வருஷம் வகுப்பறையில் நின்றவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். காலி வகுப்பு ஒலிக்கும். நிறைந்த வகுப்பு ஒலிக்காது.

6.02. குளிரவில்லை. ஓட்டை வழியே அடித்த சாரலில் நனைந்த சேலை, கல் அறை, மழை விட்ட மாலை... குளிர வேண்டும். அறை கதகதப்பாக இருந்தது. கூட்ட பஸ்ஸுக்குள் நிற்பது போல.

சுண்ணாம்பு வாடை.

டீச்சர் கதவோடு ஒட்டிக்கொண்டார். முகத்தை ஓட்டையில் வைத்துக்கொண்டார். வெளிக்காற்று வேண்டும். வெளிச்சம் வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ நெருங்கியது.

தள்ளவில்லை. தொடவில்லை. ரேஷன் கடை வரிசையில் நம் பின்னால் ஒருவர் நிற்பது நமக்குத் தெரியுமே, அது மாதிரி.

காத்திருந்தது.

6.11. டீச்சர் மெல்ல ஒதுங்கினார். மூலைக்குப் போய் உட்கார்ந்தார். ஓட்டை வழியே ஒரு கற்றை வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்திருந்தது. வட்டமாக. அதையே பார்த்தார்.

வட்டம் மறைந்தது.

ஓட்டையில் யாரோ முகம் வைத்தால் மறைவது போல.

ஏழு விநாடி.

வட்டம் வந்தது.

மறைந்தது.

ஏழு விநாடி.

வந்தது...

மறுபடி...

ஒருவர் பின் ஒருவர். அவசரமே இல்லை. ஆளுக்கு ஏழு விநாடி. டீச்சரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் கரையைப் பார்த்தார்கள்.

இருட்டி, அந்த வட்டம் கரைந்துபோகிற வரை அது நிற்கவில்லை. அதன்பிறகு நடந்ததை டீச்சர் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் அவர் அதிக நேரம் பேசாமல் இருந்தார்.

7.35. வெளியே லாந்தர் வெளிச்சம். ஒரு பெண்குரல். “யாராச்சும் இருக்கீங்களாம்மா?”

“இருக்கேன்! கதவைத் தொற!”

“அய்யோ, டீச்சரம்மா கொரலுதான்யா! இன்னா நின்னுக்கிட்டிருக்க, தொறய்யா!”

கோவிந்தப்பாவும் அவர் மனைவி சின்னத்தாயியும். தாழ் இலேசில் வரவில்லை. துருப்பிடித்துக் கதவோடு கதவாக இறுகிக் கிடந்தது. கல்லால் அடித்து, அடித்து, பத்து நிமிடம் ஆயிற்று. எத்தனையோ வருஷமாக ஒருவரும் தொடாத தாழ் அது.

லாந்தரை உள்ளே நீட்டினார்கள். காலி அறை. தரையில் புழுதி. டீச்சரின் செருப்புத் தடம் மட்டும்.

“என்னை ஏன் விட்டுட்டுப் போனே கோவிந்தப்பா?”

அவர் லாந்தரை மெல்லத் தரையில் வைத்தார். சின்னத்தாயிதான் சொன்னாள். “சொல்லுய்யா. ஊமையா நீ?”

“விட்டுட்டுப் போகலம்மா.” கோவிந்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் தலையை எண்ணமாட்டேன். எடைதான் எனக்குக் கணக்கு. நாலு பக்கமும் சரியா இருந்துச்சு. பரிசல் சாயல. நீங்க உக்காந்த பக்கம்... ஆள் இருந்துச்சும்மா. முக்காடு போட்டுக்கினு இறங்கிச்சு. எல்லாரும் போனப்புறம் பரிசலைக் கவுக்கறேன். அந்த எடத்துல மட்டும் வெள்ளையா பூசியிருக்கு. தொட்டுப் பாத்தேன். சுண்ணாம்பு. அப்பவும் நீங்க இங்க இருப்பீங்கன்னு நெனைக்கல. இவதான் விடல. போய்ப் பாக்கலன்னா சோறு கெடையாதுன்னுட்டா.”

மறுநாள் காலை 10.15. டீச்சர் அதிகாரியின் அலுவலகத்தில் இருந்தார். நோயலும் அங்கே இருந்தார்.

“வாங்க டீச்சர்! ராத்திரி பத்திரமா போய்ச் சேந்தீங்களா? ஜீப்புல ஏறுங்கன்னு கூப்பிடக் கூப்பிட, ஒக்கலிபுரம் பக்கமா வெடுவெடுன்னு நடந்துட்டீங்களே!”

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “சார், நேத்து ரிப்போர்ட்டை நான் பாக்கணும்.”

வெங்கடகிருஷ்ணன் எடுத்துக் கொடுத்தார். டீச்சரின் பெயர். அதன் கீழே கையெழுத்து இல்லை. பெருவிரல் ரேகை.

“கை நடுங்கறதுன்னு நெனைச்சேன் மேடம். பேனாவை வாங்கிக்கவே மாட்டேன்னுட்டேள். அப்பாதுரை மைப்பெட்டியை நீட்டினான். ‘ஆட்சேபனை உண்டு’, ‘ஆட்சேபனை இல்லை’, ரெண்டையும் படிச்சுக் காட்டச் சொன்னேன். படிச்சான். நீங்கதான் விரலை வெச்சேள்.”

ரேகை, இரண்டாவதன்மேல் பதிந்திருந்தது. அழுத்தமாக. காகிதமே கொஞ்சம் கிழிந்திருந்தது.

“என் முகத்தைப் பாத்தீங்களா சார்?”

வெங்கடகிருஷ்ணன் நோயலைப் பார்த்தார். நோயல் அப்பாதுரையைப் பார்த்தார்.

“நல்ல மழை மேடம்...” என்றார் அதிகாரி. குரல் இறங்கிவிட்டது. பிறகு அவராகவே சொன்னார்: “ஏதோ தப்பு நடந்திருக்கு. இது உங்க ரேகை இல்லேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்கோ. இதைக் கிழிச்சுடறேன். ரிப்போர்ட் அஞ்சு மணித் தபால்லதான் போறது. புதுசா எழுதிக்கலாம். தீவு உங்களுது.”

புதுக் காகிதத்தை முன்னால் வைத்தார். டீச்சர் பேனாவைத் திறந்தார்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்றார். ரவிக்கைக்குள்ளிருந்து முந்தின நாள் தேய்த்த காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். சாரலில் நனைந்து, காய்ந்து, மொடமொடத்திருந்தது. கோடு, கோடு, கோடு... விளிம்பு வரைக்கும் கோடு. ஓட்டை வழியே அவர்கள் கரையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது; கம்பெனி கரைவரை போடப்போகிற ரோடும்.

பேனாவை மூடினார்.

“அது என் ரேகைதான் சார்” என்றார்.

நோயல் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

ரோடு 1961 மார்ச்சில் முடிந்தது. ஹோட்டல் அடுத்த வருஷம் திறந்தது. வெங்கடகிருஷ்ணன் ஓய்வு பெற்று மைசூருக்குப் போனார். அப்பாதுரை வேறு இலாகாவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். நோயல் ஹோட்டல் திறக்கும் முன்பே வேலையை விட்டுவிட்டார், காரணம் சொல்லவில்லை. யூனிஸ் டீச்சர் 1966 வரை பாடம் நடத்தினார். மறு வருஷம், தூக்கத்தில் இறந்தார். அந்த ரோட்டில் அவர் கால் வைக்கவே இல்லை.

ரோடு வந்ததும் பரிசலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கோவிந்தப்பாவுக்குக் கம்பெனி ரோட்டின் வாயிலில் காவல் வேலை கொடுத்தது. தீவுக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் எண்ணிச் சொல்ல வேண்டும். ஒன்பது நாள் பார்த்தார். பத்தாம் நாள் போகவில்லை. ஏன் என்று சின்னத்தாயி கேட்டதற்கு, போகிறவர்களைவிட வருகிறவர்கள் அதிகமாக இருக்கிறார்கள் என்றாராம்.