பராசக்தி அக்காவின் தண்ணீர் முறை

உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணறு நாலு பேருக்குப் பங்கு. நாலு நாளுக்கு ஒருதரம் ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை வரும். அதில் ஒரு பங்கு என்னுடையது, இன்னொன்று பராசக்தி அக்காவுடையது. வயது எழுபத்துநாலு. புருசன் செத்து இரண்டு வருடம். கூலிக்கு ஆள் கிடைக்காது. இளசுகளில் பாதி வெளிநாட்டில், மீதி ஓட்டோவில்.

கனடாவில் இருக்கிற மகன் கீர்த்திகன், காணியை விற்று அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஒற்றைக்காலில் நின்றான்.

"ஒரு போகம் பொறு. நானே வெங்காயம் நட்டு, தண்ணி இறைச்சு, கிண்டி எடுத்துக் காட்டுறன். ஏலாட்டி நீ சொல்லுற இடத்துக்குப் போறன்" என்றார் அக்கா.

நட்டார். முதல் முறையன்று இறைக்கிற மிசினின் கயிற்றைப் பத்துத்தரம் இழுத்தார். மிசின் இருமியதோடு சரி. வரம்பில் நின்று நான் சிரித்தேன். பொய் சொல்வானேன்.

"என்னக்கா, மிசின் உங்களோடை கோவமோ?"

"உன்ரை வாய் மாதிரி ஒரு இழுப்பிலை ஸ்ராட் ஆகுதில்லையடா."

"விடுங்கோ, நான் இழுத்துத் தாறன்."

"கையை எடு! நீ தொட்டால் நான் மகனிட்டைத் தோத்துப் போவன்."

வாளியால் அள்ளி ஊற்றினார். பாத்திகளில் பாதிதான் நனைந்தது. மிச்சம் வாடத் தொடங்கியது.

மறுநாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனார். கடையில் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். மின்சார மோட்டரும் ஸ்பிறிங்கிளரும் கேட்டதற்கு, "அம்மா, உது உங்களுக்குச் சரிவராது. மகனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றானாம் கடைக்காரன்.

"மகன் கனடாவிலை. பிளேன் அனுப்புறியோ?"

மோட்டர் வந்தது. கையில் கிடந்த சோடிக் காப்பு திரும்பி வரவில்லை.

கிணற்றடிக்குக் கரண்ட் எப்போதோ வந்துவிட்டது. நாங்கள்தான் பழகின மண்ணெண்ணெய் மிசினை விடவில்லை. அடுத்த முறையன்று அக்கா சுவிச்சைப் போட்டார். தோட்டம் முழுக்க மழை மாதிரித் தெளித்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. என் மிளகாயோ வெயிலில் துவண்டு கிடந்தது.

"அக்கா, உங்கடை மிச்ச நேரத்தை எனக்குத் தாறியளோ?"

"ஆர் சிரிச்சது?"

"நான்தான்."

"ம். குழாயை உன்ரை பக்கம் திருப்பு."

அந்தப் போகம் எங்கள் நாலு தோட்டத்திலும் அவருடைய வெங்காயம்தான் திறம். கிண்டின அன்று போனைக் குவியலுக்கு நேரே பிடித்தார். வீடியோவில் கீர்த்திகன் இன்னும் கிட்டக் காட்டச் சொல்லிப் பார்த்தான்.

"சரியம்மா. இனிக் காணிக் கதை கதைக்கமாட்டன்."

"அப்ப வை போனை. அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் தெரிஞ்செடுக்கோணும்."

அவன் வைக்கமுன் அக்காவே வைத்துவிட்டார்.