அக்காவின் இத்தாலியப் பாடம்

அக்கா கன்னியாஸ்திரீ ஆவதற்காக ரோமுக்குப் போவது முடிவானபோது எனக்கு ஏழு வயது. அவள் போவதைவிட, அதற்காக எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுக்கு ஒரு கேசட் பெட்டி வந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கோயில் பாதர் இரவல் கொடுத்தது. அதில் ஓர் ஆண் இத்தாலிய மொழியில் கேள்வி கேட்பான். ஒரு பெண் பதில் சொல்வாள்.

அந்த ஆணின் வேலையை அக்கா எனக்குக் கொடுத்தாள். அம்மா கொழுந்து பறிக்கவும் அப்பா தேயிலைத் தொழிற்சாலைக்கும் போயிருப்பார்கள். பள்ளி விட்டு வந்ததும் அவள் பின்னாலேயே அலைந்து, "கே ஸ்தாய் ஃபச்செந்தோ?" என்று கேட்பேன். என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். சட்டியைக் கழுவியபடியே "ஸ்தோ லவாந்தோ" என்பாள். சமைத்தால் கூச்சினாந்தோ. சாப்பிட்டால் மஞ்சாந்தோ, மஞ்சள் அரைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

"சும்மா உக்காந்திருந்தா என்னாக்கா சொல்றது?"

"கேசட்டுல அது இல்லடி. அங்க யாரும் சும்மா உக்கார மாட்டாங்க லா."

அவள் போன அன்று தாப்பா ரோடு ரயில் நிலையம் வரை டாக்சியில் போனோம். மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்த நான் பின்சீட்டில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வண்டி மறுபடி மலை ஏறிக்கொண்டிருந்தது. அக்கா இருந்த இடத்தில் அம்மாவின் பை இருந்தது. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கேசட் பெட்டி பாதரிடம் திரும்பிப் போனது. பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தால் வீட்டில் காலையில் விட்ட குளிர் அப்படியே இருக்கும். நானே கேள்வி கேட்டு, நானே அக்கா குரலில் பதில் சொன்னேன். கழுவிய சட்டியையே மறுபடி கழுவினேன். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். பனி இறங்கி எதிர் வரிசை லயன் வீடுகள் மறைந்துவிட்ட நாட்களில் மட்டும் வாசலில் நின்று உரக்கக் கேட்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, அக்கா எஸ்டேட் ஆபீசுக்குப் போன் செய்வாள் என்று பாதர் சொல்லி அனுப்பினார். கணக்கு எழுதும் கிராணி எங்களுக்காக ஆபீசைத் திறந்துவிட்டார். அப்பா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அம்மா, "சுவெட்டர் போடுறியாம்மா?" என்றாள். பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்திருந்த இத்தாலியக் கேள்வியைத் தப்பில்லாமல் கேட்டேன்.

அக்கா பேசவில்லை. மறுபடி கேட்டேன். "ஸ்தோ..." என்று தொடங்கினாள். அதற்குப் பிறகு விட்டு விட்டு இழுக்கும் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா பாடத்த மறந்துட்டாம்மா" என்று ரிசீவரை நீட்டினேன்.

அம்மா அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். கிராணி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அக்காவும் எதுவுமே பேசாத போனை எதற்காக இத்தனை நேரம் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "வீட்டுக்குப் போலாம்மா" என்றேன்.