ஈய வில்லை

காணிக்கைத் தட்டில் என் மகள் போட்ட காசு ‘ணங்’கென்றதும் எனக்கு அந்த ஈய வில்லை நினைவுக்கு வந்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருடம், திருத்தணியில் எனக்கு ஏழு வயது. நைனா எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முந்தின நாள் தகுதியானவர்களுக்கு மூப்பர்கள் காசு போன்ற ஈய வில்லை கொடுப்பார்கள். அதைத் தட்டில் போட்டால்தான் பந்தியில் இடம். அம்மா அரக்கோணத்தில் வெளியார் நடத்திய எழுப்புதல் கூட்டத்தில் எல்லார் முன்னும் பாவத்தை அறிக்கையிட்டு அழுதிருந்தாள். அப்படிப் போனவர்களுக்கு வில்லை கிடையாது என்று மூப்பர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

“எனக்கு வில்லை இல்லிங்களா?” என்று அம்மா நைனாவைக் கேட்டாள்.

“இனிமே அங்க போவ மாட்டேன்னு சொல்லு, தர்றேன்.”

“பொய் சொல்லி வாங்கினா அப்பம் தொண்டையில எறங்குமா?”

நைனா வில்லைப் பையைக் கட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் ஒரு வில்லையை எடுத்து அம்மாவின் வேதாகமத்துக்குள் செருகினேன்.

மறுநாள் அம்மா அதைத் தட்டில் போட்டாள். தட்டை ஏந்தி நின்ற நைனாவைப் பார்த்து, பல நாள் கழித்துச் சிரித்தாள். நைனாவின் கண் மெல்ல என் பக்கம் திரும்பியது. தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார்.

“உங்க தாத்தா மனசு எளகி, பைபிள்ல வெச்சிட்டுப் போனாருடி,” என்று இன்றும் ஆராதனை முடிந்ததும் அம்மா பேத்தியிடம் சொன்னாள்.

“நெஜமாம்மா?” என்று மகள் என்னைக் கேட்டாள்.

பாவத்தை மறைக்கக் கூடாது என்று அவளுக்குத் தினமும் சொல்லிக்கொடுப்பவள் நான்.

“ஆங், நெஜந்தான்,” என்றேன்.