சிரட்டையும் சோலார் மோட்டாரும்

என் வீட்டுக்காரர் பனிமலையில், கரண்ட் கம்பி எட்டாத ஒரு விடுதியில், ஏழு வருடம் சமையல்காரராக இருந்தவர். விறகைச் சிக்கனமாக எரிப்பது, பனியை உருக்கிக் குளிப்பது, சோலார் தகட்டில் விளக்குப் போடுவது எல்லாம் அங்கே கற்றது. திரும்பி வந்ததும், புதுமடத்துக்குப் பக்கத்தில் கரண்ட் வராத கடற்கரையில் நாலு குடிசை போட்டு அதே மாதிரி விடுதி நடத்துவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மிளகாய்க் கொல்லையைப் பார்த்துக்கொண்டு ஊரில் சும்மா கிடந்த என்னையும் இழுத்து வந்தார். குளிருக்குக் கற்ற வித்தையை இந்த வேக்காட்டில் காட்டப் போகிறாராம். முதல் வேலையாக, வெயில் உள்ளே வரட்டும் என்று ஒரு அறைக்குத் தெற்கே பெரிய ஜன்னல் வைத்தார். அந்த அறையில் நான் கருவாடு காயப்போட்டேன்.

விளக்கு எரிந்தது. செல்போனுக்கு சார்ஜ் ஏறியது. தண்ணீர்தான் வம்பு. மணலில் இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதற்கு அடியிலேயே உப்புத் தண்ணீர். தேங்காய்ச் சிரட்டையால் மேலாக மொண்டு மொண்டுதான் குடத்தை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் உப்பு ஏறிவிடும். பக்கத்துக் குடிசை மீன்காரம்மா இதை முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு குடத்துக்கு அரை மணி நேரம். குனிகிற இடுப்பு என்னுடையது என்பதால் என் வீட்டுக்காரருக்கு வலிக்கவில்லை.

அவருடைய பழைய முதலாளி, கோயம்புத்தூர்க்காரர், எங்களைப் பார்க்க வருவதாகச் சொன்னார். இடமும் தண்ணீரும் சரியாக இருந்தால் தன் விருந்தாளிகளை இங்கே அனுப்புவாராம். இரண்டு மாதமாக ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காத விடுதி. அவரும் கைவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர் வருகிற அன்று காலை ஒரு குடம் மொண்டு அடுப்படியில் வைத்துவிட்டு, வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஊற்றுப் பக்கம் கர்ரென்று சத்தம். போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் சோலார் மோட்டாரை உள்ளே இறக்கியிருக்கிறார்.

“ஏங்க, அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சுல்ல?”

“ஏ, போ புள்ள. நம்மூர்ல எத்தனை கெணத்துக்கு மோட்டார் மாட்டியிருக்கேன். இங்கன ஒரு குழிக்குப் போயி சிரட்டையாக்கும்.”

தொட்டி நிரம்பியது. பெருமையாக ஒரு கை அள்ளிக் குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்து நானும் நாக்கில் வைத்தேன். கடலே தேவலை. மறுபடி நல்ல தண்ணீர் ஊற மூன்று நாளாகும் என்றார் மீன்காரம்மா, சிரிப்பை முந்தானையில் பொத்திக்கொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மனுஷனை அந்தத் தொட்டியிலேயே முக்கியிருப்பேன். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

இரண்டு டீ போட்டேன். முதலாளிக்குக் குடத்துத் தண்ணீரில். என் வீட்டுக்காரருக்குத் தொட்டித் தண்ணீரில்.

“டீல துளி உப்புக் கரிக்கலீங்க, தண்ணி அருமையா இருக்குதுங்களே,” என்றார் முதலாளி. “கடலோரத்துல எப்படிங்க?”

இவர் ஒரு வாய் குடித்தார். துப்பவும் முடியாது. என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

“சிரட்டைல மொள்றது சார்,” என்றார், விழுங்கிவிட்டு.

“அப்புறம் அந்த மோட்டார் எதுக்குங்க?”

என்ன புளுகப் போகிறார் என்று காத்திருந்தேன். புளுகியிருந்தால் டம்ளரைக் காலியாக்கும் வரை விட்டிருக்க மாட்டேன்.

“அது என் மடத்தனம் சார். இவ சொன்னா, நான் கேக்கல. ஊத்து உப்பாயிருச்சு. நீங்க குடிக்கிறது இவ காலைல மொண்டு வச்சது. மூணு நாளைக்கு அந்த ஒரு கொடந்தான்.”

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். “அடுத்த வாரம் விருந்தாளிகளை அனுப்பறனுங்க. மோட்டாரை மட்டும் நான் எடுத்துட்டுப் போயிடறேன்.”

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில், “இவ சொன்னா, நான் கேக்கல” என்று அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி மணலில் கொட்டிவிட்டு, குடத்துத் தண்ணீரில் இன்னொரு டீ போடப் போனேன்.